வாடகை ஷட்டருக்கு இல்லை, முன்னால் போகிற ஆளுக்கு

பாலக்காட்டில் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருப்பதால், என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஜிஎஸ்டி பற்றிக் கேட்பதற்கு முன்னால் வாடகையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "சுல்தான்பேட்டையில் ஒரு சின்ன ரூமுக்கு இவ்வளவு கேக்கறார், நியாயமா?" "கொழிஞ்சாம்பாறையில் இதே அளவு ரூம் கால்வாசிக்குக் கிடைக்குதே, இங்கே மட்டும் ஏன்?" இதில் நியாயம் அநியாயம் என்று ஒன்றும் கிடையாது என்று சொன்னால் கோபம் வருகிறது. எல்லோரும் கட்டடத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். செங்கல் இவ்வளவு, சிமென்ட் இவ்வளவு, தரைக்கு டைல்ஸ், மொத்தம் இத்தனை லட்சம், அதற்கு வட்டி, ஆகவே வாடகை இவ்வளவு. கட்டட உரிமையாளர்களும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். வீட்டு வாடகைக்கு இது ஓரளவு ஒத்துவரலாம், கடைக்கு ஒத்துவராது.

கடையறையின் வாடகை, அங்கே உட்கார்ந்து விற்கிறவருக்கு எல்லாச் செலவும் போக என்ன மிஞ்சுமோ அதை ஒட்டித்தான் நிற்கும். நிலக் குத்தகையை வைத்து டேவிட் ரிக்கார்டோ 1817-லேயே இதைச் சொல்லிவிட்டார்: குத்தகை கொடுப்பதால் தானிய விலை ஏறவில்லை, தானிய விலை ஏறியிருப்பதால்தான் குத்தகை கொடுக்க முடிகிறது. கடைத்தெருவுக்கும் இது அப்படியே பொருந்தும். "வாடகை ஏறிப்போச்சு, அதனால சட்டை விலையை ஏத்திட்டேன்" என்று கடைக்காரர் சொல்லலாம். ஆனால் அடுத்த தெருவில் அதே சட்டை ஐம்பது ரூபாய் குறைவாகக் கிடைத்தால் ஏற்றின விலை நாலு நாள் தாங்காது. ஏற்றின விலைக்கும் ஆள் வாங்குகிற இடம் என்றால்தான் அந்த வாடகையும் தாங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை, ஆனால் என் மேசைக்கு வரும் கணக்குப் புத்தகங்களின் சாயல் இருக்கும். 250 சதுர அடி, ரெடிமேட் துணிக்கடை. மாதம் 4 லட்சம் விற்பனை, கால்வாசி மார்ஜின், அதாவது கையில் 1 லட்சம். இரண்டு பேருக்குச் சம்பளம் 30,000. கரண்ட், பை, டீ எல்லாம் சேர்த்து 4,000. பத்து லட்சத்துக்குச் சரக்கு நிற்கிறது, அதற்கு 12% வட்டி என்றால் மாதம் 10,000. கடைக்காரர் வேறெங்கோ வேலைக்குப் போயிருந்தால் கிடைக்கக்கூடிய சம்பளம் 30,000. இதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அப்புறம் "லாபம் வருது, ஆனா கையில் ஒண்ணும் நிக்கலை" என்று புலம்புவார்கள். எல்லாம் சேர்த்து 74,000. மிச்சம் 26,000. இதுதான் அந்த அறைக்கு அவர் கொடுக்கக்கூடிய உச்ச வாடகை. சதுர அடிக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதற்கு மேல் கேட்டால் அவர் போய்விடுவார், அல்லது போகாமல் இருந்து கடன்காரர் ஆவார்.

அதே அறையில் மளிகைக் கடை வைத்தால்? 6 லட்சம் விற்றாலும் மார்ஜின் 8% சுற்றித்தான், 48,000. ஒரு ஆள், கரண்ட், சரக்குக்கு வட்டி, தன் கூலி என்று கழித்தால் வாடகைக்கு மிஞ்சுவது நாலாயிரம் ஐயாயிரம். ஊரின் மையத் தெருக்களில் மளிகைக் கடைகள் ஒவ்வொன்றாக உள்ளே சந்துக்குள் போனதற்குக் காரணம் இந்த ஒரு வரிக் கணக்குதான். இப்போது மொபைல் கவர், டெம்பர் கிளாஸ் விற்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 80 சதுர அடி போதும், மார்ஜினோ பாதிக்கு மேல். அந்த 250 சதுர அடியை மூன்றாகத் தடுத்து, ஒவ்வொன்றும் 12,000 என்று மூன்று பேருக்கு விட்டால் 36,000. துணிக்கடைக்காரர் 26,000-க்கு மேல் ஏற முடியாமல் நிற்கும்போது உரிமையாளர் பிளைவுட் தடுப்பு போட ஆள் கூப்பிட்டுவிடுவார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடைகள் வருஷத்துக்கு வருஷம் ஒல்லியாகிக்கொண்டே போவது இதனால்தான். உரிமையாளரைத் திட்டிப் பயனில்லை, அந்த 36,000 வேறொருவர் மனமுவந்து கொடுக்கும் பணம்.

நகைக்கடை தனி ரகம். விற்பனைத் தொகையில் வாடகையின் பங்கு ஒன்றிரண்டு சதவீதம்கூட வராது, ஏனென்றால் ஒரு பீஸின் விலையே லட்சத்தில் இருக்கிறது. அதனால் முக்குக்கடைக்குப் போட்டி வந்தால் கடைசியில் ஜெயிப்பது பெரும்பாலும் நகைக்கடை. கேரளத்தில் எந்த ஊர் நாற்சந்தியில் நின்று தலையை உயர்த்தினாலும் கல்யாணப் பெண் சிரிக்கும் பேனர் தெரிவது சும்மா இல்லை.

தளம் மாறினாலும் வாடகை சரேலென்று விழும். தரைத்தளத்தில் நூறு என்றால் முதல் மாடியில் நாற்பது ஐம்பதுக்குக்கூட ஆள் யோசிப்பார். மாடிப்படி ஏறுகிற சிரமத்துக்கு இது ரொம்ப அதிகத் தள்ளுபடி மாதிரித் தோன்றும், ஆனால் தற்செயலாக உள்ளே வரும் வாடிக்கையாளர் மாடிக்கு வரவே மாட்டார். தேடி வருகிறவர் மட்டும்தான் ஏறுவார். டியூஷன், தையல், பல் டாக்டர், என்னைப் போல ஆடிட் வேலை. என் ஆபீஸ் இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதி நெருங்கினால் எல்லோரும் ஏறி வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் ரோட்டின் எந்தப் பக்கம் என்பது. நகரத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வண்டிகள் போகிற இடது பக்கம் காய்கறி, மீன், பேக்கரிக்கு ஏற்றது, ஆள் சாயங்காலம்தான் வாங்குவார். காலையில் ஊருக்குள் போகும் பக்கத்தில் டீக்கடையும் பெட்ரோல் பங்க்கும் பிழைக்கும். நடுவில் டிவைடர் கட்டிவிட்டால் எதிர்ச்சாரி வாடிக்கையாளர் அன்றைக்கே போய்விடுவார். ரோட்டை அகலமாக்கினால் கடைக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டி வேகமாகப் போவதும் வண்டி நிற்பதும் ஒன்றல்ல. கோயம்புத்தூரில் உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்தபோது பாலக்காட்டிலிருந்து போகிற எங்களுக்கெல்லாம் நிம்மதி. பாலத்துக்குக் கீழே, நெரிசலில் மாட்டி நின்றவர்களை நம்பி இளநீரும் ஹெல்மெட்டும் விற்றவர்களுக்கு அந்த நெரிசல்தான் வியாபாரமாக இருந்தது.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். எங்களைப் போலக் கேரள – தமிழ்நாடு எல்லையோரத்தில் இன்னொன்று சேர்ந்துகொள்கிறது: கடைக்கு முன்னால் யார் நிற்பார்கள் என்பதை அந்தப் பக்கத்து அரசாங்கமும் சேர்ந்து முடிவு செய்கிறது. கோயம்புத்தூர் ரோட்டில் எல்லையில் இருக்கும் வாளையாரைத் தெரியாதவர் இங்கே இல்லை. கேரளத்தின் மிகப் பெரிய வணிகவரிச் சோதனைச் சாவடியாக அது இருந்த காலத்தில் லாரி வரிசை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மணிக்கணக்கில், சில நேரம் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடப்பார்கள். அந்தக் காத்திருப்பின் மேல்தான் ஒரு கடைத்தெருவே எழுந்து நின்றது. பரோட்டாக் கடை, டயர் பஞ்சர், ஜெராக்ஸ், பில் எழுதித் தரும் ஏஜென்சி, குளிக்க இடம் தருகிறவர், பீடி சிகரெட் பெட்டிக்கடை என்று எல்லாமே இருந்தன. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது, வரிச் சாவடி போனது. கலால், மோட்டார் வாகனத் துறைச் சாவடிகள் மிஞ்சின, ஆனால் அந்த வரிசை போய்விட்டது. அடுத்த ஏப்ரலில் மாநிலங்களுக்கு இடையே போகும் சரக்குக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் வந்து, காகிதம் பார்க்கிற வேலையே செல்போனுக்குள் போனது. டிரைவர்களுக்கும் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் எவ்வளவு பெரிய விடுதலை என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஓரத்தில் ஓலைக் கொட்டகைக்கும் தகர ஷெட்டுக்கும் வாடகை வாங்கிக்கொண்டிருந்தவருக்கு அது ஒரே ராத்திரியில் விழுந்த அடி. கொட்டகை அப்படியே இருக்கிறது, ஒரு கீற்றுகூட நகரவில்லை, அதன் மதிப்பு மட்டும் காணாமல் போனது. கட்டடத்துக்குத்தான் வாடகை என்று சொல்கிறவர்களிடம் நான் வாளையாரைத்தான் காட்டுவேன்.

நேர்மாறான கதை வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கம். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை வந்தது. கேரள அரசே 1967-லிருந்து லாட்டரி நடத்துகிறது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், முதல் பஸ் நிறுத்தத்திலிருந்தே சீட்டு தொங்கும் கடைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். தமிழிலேயே போர்டு, கூவுவதும் தமிழில்தான். அங்கே ஒரு ஆள் நிற்க இடமுள்ள பலகைக் கடைக்கு, நூறு மீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் நல்ல சிமென்ட் அறையை விட அதிக வாடகை கிடைக்கும். அந்த வாடகையைச் சம்பாதித்துக் கொடுத்தது சென்னையில் போட்ட ஓர் அரசாணை. கள்ளுக்கடையும் அப்படித்தான். 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கமோ தென்னந்தோப்பு முழுக்கக் கள் இறக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவர்கள் கள்ளோடு நிறுத்துவதில்லை. மீன் வறுவல், கப்பை (மரவள்ளிக்கிழங்கு), திரும்பும்போது பிள்ளைகளுக்கு நேந்திரம் சிப்ஸ். அவ்வளவு கடைகளுக்கும் வாடகை அங்கிருந்து கிளம்புகிறது. நாளைக்கே தமிழ்நாட்டில் கள்ளுக்கு அனுமதி கொடுத்தால் (கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள் விவசாயிகள்) இந்தச் சிப்ஸ் கடைகளின் அட்வான்ஸ் என்னாகும் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். லாட்டரி விற்கிறவர்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28%-லிருந்து 40% ஆனதே பெரிய கவலையாக இருக்கும்போது, சிப்ஸ்காரருக்கு அதுவரை யோசிக்க நேரமிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லை ஆளைக் கொண்டுவருவது போலவே கொண்டும் போகும். பாலக்காட்டில் பட்டுப்புடவைக் கடை எவ்வளவு பெரிதாகத் திறந்தாலும், கல்யாண ஜவுளி என்றால் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஐம்பது கிலோமீட்டர்தான். ஒப்பணக்காரத் தெரு, கிராஸ்கட் ரோடு, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் திரும்பி வந்துவிடலாம். எங்கள் அத்தை பெண் கல்யாணத்துக்கு வேனில் போனோம். புடவை எடுத்தது ஒரு கடையில், ஏறி இறங்கினது தெரு முழுக்க. ஒரே சரக்கு விற்கிற கடைகள் பக்கத்துப் பக்கத்தில் கூடினால் போட்டி வந்து வாடகை குறையும் என்று தோன்றும், நடப்பது தலைகீழ். நாற்பது கடை இருக்கிற தெரு என்றால் 'அங்கே போனால் எப்படியும் கிடைத்துவிடும்' என்று தூரத்து ஊர்க்காரரும் வருவார். நாற்பத்தோராவது கடைக்காரர் அந்தக் கூட்டத்துக்குத்தான் வாடகை கொடுக்கிறார். பாலக்காட்டுத் துணிக்கடைக்காரருக்கு இதனால் ஒரு கூரை இருக்கிறது: கோயம்புத்தூர் விலைக்கும் பஸ் காசுக்கும் மேல் அவர் விலை ஏற்ற முடியாது, ஆகவே வாடகையும் அதைத் தாண்டாது. பாலக்காட்டில் ஓடுகிற கடைகள் எவை என்று பார்த்தால் அன்றன்றைக்கு வேண்டியதை விற்பவைதான். மருந்து, பேக்கரி, செருப்பு, பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஓணத்துக்கு முன்னால் போனஸ் கையில் வந்ததும் மூன்று வாரம் எல்லாக் கடையும் நிறையும். வருஷ வாடகையில் கணிசமான பங்கை அந்த மூன்று வாரத்தில் எடுக்கிற துணிக்கடைகள் உண்டு.

சரி, விற்பனைதான் வாடகையை நிர்ணயிக்கும் என்றால் இவ்வளவு ஷட்டர்கள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன? கேரளத்தில் எந்த ரோட்டிலும் போகும்போது பார்க்கலாம், கீழே எட்டு ஷட்டர், மேலே எட்டு ஷட்டர், திறந்திருப்பது மூன்று. ஆள் வரவில்லை என்றால் வாடகையைக் குறைக்க வேண்டியதுதானே? குறைக்க மாட்டார்கள். அதற்குப் பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. முதலில், வளைகுடாப் பணம். அங்கே பாடுபட்டுச் சேர்த்ததை ஊரில் நிலமாகவும் கட்டடமாகவும் மாற்றி வைப்பதுதான் இரண்டு தலைமுறைப் பழக்கம். ஒரு கோடி போட்ட கட்டடத்தில் மாதம் 25,000 வந்தால் வருஷத்துக்கு 3%. வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டாலே அதைவிட அதிகம் வரும். அவருக்கு அது தெரியாமல் இல்லை, அவர் பார்ப்பது நிலத்தின் விலை ஏற்றத்தை. வாடகை வந்தால் வரட்டும் என்கிற மாதிரி. கடன் வாங்காமல் கட்டியவருக்குப் பூட்டு போட்டு வைப்பதில் மாதாமாதம் வலிக்கிறது என்பதும் இல்லை. இன்னொன்று, ஒரு அறைக்குக் குறைத்தால் மற்ற ஏழு பேரும் வந்து நிற்பார்கள். மூன்றாவது, கட்டடத்தை நாளை விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் கேட்பது "என்ன வாடகை வருது?" என்பதைத்தான். குறைந்த வாடகையில் நிறைந்த கட்டடத்தை விட, அதிக வாடகை சொல்லப்பட்டுப் பாதி காலியாகக் கிடக்கும் கட்டடம் பேரத்தில் நன்றாக நிற்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் சட்டம் என்று நான் சொல்வேன். கேரளத்தில் இன்றும் நடப்பில் இருப்பது 1965-ஆம் ஆண்டுக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி உரிமையாளருக்கே சொந்தத் தேவை என்றாலும், வாடகைக்காரரின் பிழைப்பு முக்கியமாக அந்தக் கடையை நம்பித்தான் இருக்கிறது, அந்த வட்டாரத்தில் தோதான வேறு கட்டடமும் இல்லை என்றால், காலி செய்யச் சொல்ல முடியாது. கடைக்காரருக்கு இது பெரிய காப்பு, வேண்டியதுதான். ஆனால் இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒருமுறை உள்ளே விட்டால் எப்போது வெளியே போவார் என்று தெரியாத ஆளை, குறைந்த வாடகைக்கு யார் உள்ளே விடுவார்? அதனால்தான் பதினோரு மாத ஒப்பந்தம், அதனால்தான் 'வாடகை இல்லை, லைசென்ஸ்' என்று வார்த்தை மாற்றி எழுதும் பத்திரம், அதனால்தான் கையில் மொத்தமாக வாங்கும் பகடி. பகடி என்பது என்ன, வரப்போகும் பல வருஷ வாடகையை முன்கூட்டியே கறப்பதுதான். பழைய ஆள் மூவாயிரம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பக்கத்து அறைக்குப் புதிதாக வந்தவர் இருபத்தையாயிரம் கொடுப்பார். ஒரே சுவர், ஒரே ரோடு. பழைய ஆள் தன் அறையைச் சத்தமில்லாமல் உள்வாடகைக்கு விட்டு வீட்டில் இருந்துகொண்டே வாங்கித் தின்பதும் உண்டு. பிடிபட்டால் காலி செய்ய அதுவே காரணமாகும், இருந்தாலும் நடக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷச் சட்டத்தைத் தூக்கிவிட்டு, 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு, காலம் முடிந்தால் கிளம்ப வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதில் இருக்கிறது. கடைத்தெருவில் பத்து மாதம் கேட்பது நின்றபாடில்லை. ஆனாலும் பகடி என்கிற பெரிய தொகை அங்கே குறைவு. வேலந்தாவளத்தில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கடை எடுக்கிறவருக்கும் அந்தப் பக்கம் எடுக்கிறவருக்கும் நான் போட்டுக் கொடுக்கும் கணக்கு அதனால் வேறு வேறாக இருக்கும். இங்கே முதலில் போடும் மொத்தத் தொகைக்கு வட்டியைச் சேர்த்து, அதையும் வாடகையாகத்தான் பார்க்க வேண்டும்.

வரிக்கு வருவோம், என் பிழைப்பு அதில்தானே. கடை வாடகைக்கு ஜிஎஸ்டி 18%. உரிமையாளர் பதிவு பெற்றவர் என்றால் பில்லில் சேர்த்து வாங்குவார். பதிவு இல்லாதவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் பதிவு பெற்ற வாடகைக்காரரே அதைக் கட்ட வேண்டும் என்று ஆனது. துணிக்கடைக்காரர் கட்டின வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார், அவருக்கு நஷ்டமில்லை. ஓட்டல்காரருக்கு அப்படி இல்லை. சாப்பாட்டுக்கு 5% வாங்குகிற ஓட்டல் எந்த வரியையும் கழிக்க முடியாது. ஆக, 50,000 வாடகை பேசின ஓட்டல்காரர் உண்மையில் கொடுப்பது 59,000. இணக்கமுறையில் (விற்பனையில் ஒரு சின்னச் சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஏற்பாடு) இருக்கும் சின்ன வியாபாரிகள் மேலும் இந்தச் சுமை விழுந்து, கூச்சல் கிளம்பி, 2025 ஜனவரி 16 முதல் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. ஒரே தெருவில் ஒரே வாடகை பேசினாலும் யாருக்கு எவ்வளவு கனக்கிறது என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். இதை வாடகை பேசப் போகும்போது உரிமையாளரிடம் சொல்லுங்கள் என்று ஓட்டல்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "அதெல்லாம் எனக்கெதுக்கு சேட்டா" என்பதுதான் பதிலாக வருகிறதாம்.

வட்டி விகிதமும் கடைத்தெருவுக்குள் வந்துவிடும். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போவை 4%-லிருந்து 6.5% ஆக்கியது. மேலே சொன்ன துணிக்கடையில் பத்து லட்சம் சரக்கு நிற்கிறதே, அதற்கு இரண்டரை சதவீதம் வட்டி கூடினால் மாதம் இரண்டாயிரம் போகும். வாடகை கொடுக்கும் சக்தி 26,000-லிருந்து 24,000-க்கு இறங்கிவிட்டது. கட்டட உரிமையாளரோ அதே நேரத்தில் "எனக்கும் லோன் வட்டி ஏறிடுச்சு" என்று வாடகையை ஏற்றக் கேட்பார். இரண்டு பேருக்கும் ஒரே காரணம், இழுப்பது எதிரெதிர் திசையில். அந்த வருஷம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுக் கடையைக் காலி செய்தவர்களின் கணக்கை முடித்துக் கொடுத்தது கொஞ்சம் கசப்பான வேலை.

மால்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2023 டிசம்பரில் பாலக்காட்டிலும் லுலு மால் திறந்தது. மாலுக்குள் வாடகை பேசும் முறையே வேறு. குறைந்தபட்சம் இவ்வளவு, அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம், எது அதிகமோ அது. கூடவே பொது இடப் பராமரிப்புக்கு என்று தனியாக ஒரு தொகை. கூட்டத்தை இழுக்கிற பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை குறைவாகவும், அந்தக் கூட்டத்தில் பிழைக்கிற சின்னக் கடைகளுக்கு அதிகமாகவும் இருப்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். லுலுவில் இழுக்கிற பெரிய கடையும் அவர்களுடையது, கட்டடமும் அவர்களுடையது, ஆகவே இந்தத் தள்ளுபடி ஒரே பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. தெருக்கடைகளில் மட்டும் யார் கூட்டத்தை இழுக்கிறாரோ அவருக்கு யாரும் தள்ளுபடி தருவதில்லை. நல்ல பேக்கரி ஒன்று வந்து அந்த வரிசையே கலகலப்பானால், அடுத்த வருஷம் முதலில் வாடகை ஏறுவது அந்தப் பேக்கரிக்குத்தான்.

ஆன்லைன் வந்து கடை வாடகையைக் கொன்றுவிட்டது என்பதை நான் முழுசாக ஏற்கவில்லை. புத்தகம், செல்போன், ஃபேன் விற்கிற கடைகள் அடிபட்டன, உண்மை. ஆனால் அவை காலி செய்த அறைக்குள் சுட்ட கோழி விற்கும் ஷவாயிக் கடையும் கண்ணாடிக் கடையும் லேபும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஆன்லைனில் கிடைக்காததை விற்கிறவர் பழைய ஆளை விட அதிகம் கொடுக்கக்கூடியவர் என்றால் வாடகை ஏறத்தான் செய்யும்.

இப்போது எல்லோர் வாயிலும் புதுச்சேரி. பாண்டிச்சேரி இல்லை, கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் புதுச்சேரி. 2024 ஆகஸ்ட் 28-ல் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்த பன்னிரண்டு தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று, சுமார் 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய்த் திட்டம். என்னிடம் கணக்கு எழுதும் ஓட்டல்காரர் ஒருவர், கொழிஞ்சாம்பாறைக்காரர், அந்த ரோட்டில் மெஸ் போட அறை பார்த்துவிட்டு வந்தார். உரிமையாளர் கேட்கும் வாடகை, ஃபாக்டரிகள் எல்லாம் ஓடி, ஷிஃப்ட் முடிந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வெளியே வருகிற காலத்துக்கு உரியது. இன்றைக்கு அந்த வாசலில் மத்தியானம் நின்றால் சாப்பிட வரக்கூடியவர்களை எண்ணிவிடலாம். எதிர்பார்ப்பு முதலில் ஏறுவது நிலத்தின் விலையில். வாடகை ஏற வேண்டுமென்றால் யாராவது அங்கே சம்பளம் வாங்கியாக வேண்டும். முதல் இரண்டு வருஷம் குறைந்த வாடகை, அப்புறம் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் ஏற்றம், மொத்தம் ஆறு வருஷத்துக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் என்று கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். எக்ஸாஸ்ட், அடுப்பு மேடை, டைல்ஸ், கிரீஸ் டிராப் என்று ஐந்தாறு லட்சம் சுவரோடு சுவராகப் போகும், அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. பதினோரு மாதத்தில் புதுப்பிக்க வரும்போது அந்த ஐந்தாறு லட்சத்தைக் காட்டியே வாடகையை ஏற்றுவார்கள்.

உரிமையாளர் பதினோரு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட எழுத மாட்டேன் என்கிறார். மகன் கத்தாரில் இருக்கிறான், பணத்துக்கு ஒன்றும் முடையில்லை என்கிறார். ஓட்டல்காரரோ ஓணத்துக்கு முன்னால் திறந்துவிட வேண்டும் என்று தவிக்கிறார். நேற்றுகூட போன் செய்து, "எட்டு மாச அட்வான்ஸ்ல முடிச்சுக்கட்டுமா அண்ணா?" என்று கேட்டார். முதலில் அந்தத் தெருவில் ஏற்கனவே இருக்கிற டீக்கடைக்காரரிடம் போய் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பால் வாங்குகிறார் என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.